சிவப்புக் காற்சட்டையும் திரும்பாத கழுத்தும்: சுப்பர் வீரர்களின் உடை பற்றி ஒரு நீண்ட இழை

2025 யூலை 13 – தெஹிவளை வாசகர் ஒருவரின் கேள்வி

"புதிய சுப்பர்மான் படத்தை நேற்றுப் பார்த்தேன். 2013-இல் வந்த ‘மான் ஒஃப் ஸ்டீல்’ படத்தில் ஒருவழியாகக் கழற்றி வைக்கப்பட்ட சிவப்புக் காற்சட்டை, மீண்டும் நீல உடைக்கு மேலே வந்து ஏறிவிட்டது. சண்டைக்குப் போகிறவன் கவசம் அணிய வேண்டும். முதுகில் தொங்கும் போர்வை, பளபளப்பு, வெளியே போட்ட உள்ளாடை எல்லாம் சிறுபிள்ளைத்தனம். நடைமுறைக்கு ஏற்ற உடையே நல்ல உடை என்பதை மறுப்பவர் இங்கே யாரேனும் உண்டா?"

யூலை 14

நான் மறுக்கிறேன். கொழும்புப் புறநகரில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில், மாதிரி உடைகள் தைக்கும் சாம்பிள் ரூமில் பட்டர்ன் வெட்டுவது என் வேலை. ஆகவே இந்தக் கேள்வியைத் திரையில் பார்ப்பதைவிட மேசையில் விரித்துப் பார்ப்பதே எனக்குப் பழக்கம்.

நடைமுறை என்று நீங்கள் சொல்வது யாருடைய நடைமுறை? கதைக்குள் இருக்கும் வீரனுக்கு வசதியானதாகத் தோன்றும் உடை, அதற்குள் நாள் முழுவதும் விளக்குகளின் கீழ் நிற்கும் நடிகருக்கு வசதியாக இருக்க வேண்டியதில்லை. என் பார்வையில், கவசம் போலத் தோன்றும் உடைகளே அணிபவரை அதிகம் வதைத்திருக்கின்றன. 1989-இல் வந்த பட்மான் படத்துக்கு பொப் ரிங்வுட் வடிவமைத்த கறுப்பு உடை நுரை ரப்பரால் ஆனது. முகமூடியும் கழுத்தும் ஒன்றாகவே தோளில் இறங்கியதால், மைக்கல் கீட்டனால் தலையை மட்டும் திருப்ப முடியவில்லை. பக்கத்தில் நிற்பவரைப் பார்க்க வேண்டுமானால் மேலுடல் முழுவதையும் சேர்த்தே திருப்பினார். அந்த விறைப்பான திருப்பத்தைத்தான் நாங்கள் வெள்ளவத்தைத் திரையரங்கில் வாய் பிளந்து பார்த்து, பட்மானின் கம்பீரம் என்று நம்பினோம். 1995-இல் அதே வேடம் ஏற்ற வல் கில்மர், உடைக்குள் இருக்கும்போது பிறர் பேசுவது கேட்காது என்றும், அதனால் சிறிது காலத்தில் மற்றவர்கள் தம்மோடு பேசுவதையே விட்டுவிட்டார்கள் என்றும் பின்னாளில் கூறியிருக்கிறார். கழுத்தைத் திருப்ப விடாத, காதையும் அடைத்துவிடும் தலைக்கவசத்தை எந்தச் சிப்பாய் ஏற்றுக்கொள்வான்?

சாதாரண இழுபடும் துணியில் தைத்த இறுக்கமான உடையில் இந்த வில்லங்கம் எதுவும் இல்லை. ஓடலாம், குனியலாம், குட்டிக்கரணம் போடலாம். நடைமுறையை மட்டும் அளவுகோலாக வைத்தால் வெல்வது நீங்கள் சிரிக்கும் அந்தப் பழைய உடைதான்.

யூலை 14, இரவு

ஒரு சேர்க்கை. இந்தச் சிக்கலைப் பட்மான் படங்களே கதைக்குள் எடுத்துப் பேசியிருக்கின்றன. 2008-இல் வந்த ‘த டார்க் நைட்’ படத்தில் பட்மானான புறூஸ் வெய்ன் தன் உடையின் எடையைப் பற்றி முறையிட்டு, தலையைத் திருப்பக்கூடிய உடை வேண்டும் என்று தனக்குக் கருவிகள் செய்து தரும் லூசியஸ் ஃபொக்ஸிடம் கேட்கிறார். உடை வடிவமைப்பாளர் லின்டி ஹெமிங் அந்தப் படத்தில் முகமூடியைக் கழுத்திலிருந்து பிரித்து, உடலைப் பல சிறு துண்டுகளாக்கினார். எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்து வரும் எச்சரிக்கை: தகடுகளைப் பிரித்தால் அசைவு கூடும், ஆனால் இடைவெளிகளால் கத்தியும் குண்டும் எளிதாக உள்ளே வரும். இதைத்தான் நாங்கள் வாங்குவோருக்கு ஒவ்வொரு பருவமும் விளக்குகிறோம். இழுபடுதன்மை கூடினால் உறுதி குறையும். உறுதி கூடினால் முழங்கை மடங்காது. இரண்டையும் ஒரே விலையில் கேட்பவர்கள் படத்திலும் உண்டு, எங்கள் மின்னஞ்சல் பெட்டியிலும் உண்டு.

யூலை 16

இனிச் சிவப்புக் காற்சட்டை. அதை உள்ளாடை என்று எழுதுவதை நிறுத்திவிட்டு, அது எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

சுப்பர்மான் 1938-இல் அச்சில் தோன்றினார். அன்றைய வாசகருக்கு அசாத்திய வலிமை உடைய மனிதன் என்றால் சர்க்கஸ் பலசாலியே கண்முன் வருவான். அவன் உடம்போடு ஒட்டிய பின்னலாடைக்கு மேலே குட்டைக் காற்சட்டை அணிந்தவன். அந்த ஒட்டிய உடையும் சும்மா வந்ததல்ல. 1859-இல் பாரிசில் பறக்கும் ஊஞ்சல் வித்தையை முதன்முதலில் காட்டிய ஜூல்ஸ் லியோட்டார், கயிற்றிலோ கட்டையிலோ சிக்காத, தசையின் அசைவை மறைக்காத ஒற்றை உடையை அணிந்தார். தொழிலுக்காகப் பிறந்த உடை அது.

மேலே போடும் காற்சட்டை எதற்கு என்பதற்கு என் தொழில் ஒரு விடை தருகிறது. கால்சட்டையில் தையல்கள் எல்லாம் சந்திக்கும் இடம் கவட்டுப் பகுதி. இறுக்கமாக உடுத்தி, காலை அகட்டி, குனிந்து எழும்பினால் முதலில் விடுவது அந்தத் தையல்தான், தொளதொளப்பதும் அங்கேதான். இன்று நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்தும் ஸ்பான்டெக்ஸ் இழையை டியூபொன்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் உருவாக்கியது 1958-இல், அதாவது சுப்பர்மான் பிறந்து இருபது ஆண்டுகளுக்குப் பிறகு. அதற்கு முந்திய கம்பளி, பருத்திப் பின்னல்கள் இழுபட்ட பிறகு முழுதாகப் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. சபையின் முன் நிற்பவனுக்கு அந்த இடத்தை மூடும் இரண்டாவது துணி மானப் பிரச்சினை.

2013-இல் அதைக் கழற்றியவர்கள் வேறொரு தலைவலியைச் சந்தித்தார்கள். கழுத்திலிருந்து சப்பாத்துவரை ஒரே நீலம். ஆகவே இடுப்பின் இரு பக்கமும் அலங்கார வளைவுகளைப் பதித்து, உடல் முழுவதும் சங்கிலிப் பின்னல் போன்ற அமைப்பை இட்டு அந்தப் பரப்பை உடைத்தார்கள். ஓர் எளிய காற்சட்டை செய்த வேலையைச் செய்ய எத்தனை கோடுகள்!

புதிய படத்தின் இயக்குநர் ஜேம்ஸ் கன் கூறியுள்ள காரணம் இதைவிடச் சுவையானது. காற்சட்டை வேண்டுமா வேண்டாமா என்று அவர் தடுமாறிக்கொண்டிருந்தபோது, நடிகர் டேவிட் கொரென்ஸ்வெட் சொன்ன கருத்தே முடிவைத் தந்ததாம்: இவ்வளவு வலிமை கொண்ட வேற்றுக்கிரகவாசியைப் பார்த்துப் பிள்ளைகள் பயப்படக் கூடாது. ஊரைக் காப்பாற்றுகிறவனின் வேலைக்கு அதுவும் தேவையான ஒரு தகுதிதானே.

யூலை 17

கொட்டாஞ்சேனைத் தம்பி, சுப்பர்மானின் உடையில் உண்மையில் நடைமுறைக்கு ஒவ்வாத பகுதி எது என்று கேட்டிருக்கிறார். தம்பி, அலுவலகச் சட்டைக்கும் கோட்டுக்கும் உள்ளே அந்த முழு உடையையும் போர்வையையும் மடித்து வைத்துக்கொண்டு வேலைக்குப் போவதுதான். மெட்ரோபொலிஸ் நகரத்தில் அது சரிவரலாம். சித்திரை மாதத்தில் கோட்டை நிலையத்தில் இறங்கிப் புறக்கோட்டை வரை நடந்துவரச் சொல்லுங்கள். முதுகில் படரும் வியர்வையே அலுவலகத்தில் கிளார்க் கென்ட் என்ற பெயரில் இருப்பவன் யார் என்பதைக் காட்டிக் கொடுத்துவிடும்.

யூலை 20

வீரன், நடிகர் ஆகிய இருவரை மட்டும் வைத்துப் பேசிக்கொண்டிருக்கிறோம். மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார்: கமரா. உடையைப் பற்றிய பல முடிவுகளை எடுத்தது அதுதான், அதற்கு முன்பு அச்சு இயந்திரம்.

அச்சிலிருந்து தொடங்குகிறேன். மலிவான தாளில் நான்கு மைகளில் அச்சிட்ட காலத்தில், அடர்ந்த நீலமும் சிவப்பும் மஞ்சளுமே பிசகாமல் பதிந்தன. 1962-இல் முதல் இதழில் ஹல்க் சாம்பல் நிறத்தவனாகத்தான் இருந்தான். சாம்பல் நிறம் பக்கத்துக்குப் பக்கம் வேறுவேறாக விழுந்ததால் அடுத்த இதழிலேயே பச்சையானான். வீரர்களின் கண்ணைப் பறிக்கும் வண்ணங்களைப் பார்த்து இரசனைக் குறைவு என்று சலித்துக்கொள்பவர்கள், அவை அச்சகத்தின் தேவையிலிருந்து வந்தவை என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

பிறகு தொலைக்காட்சி. 1950-களில் ஜோர்ஜ் ரீவ்ஸ் நடித்த சுப்பர்மான் தொடரின் முதற் பருவங்கள் கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்டன. நீலமும் சிவப்பும் அந்தப் படச்சுருளில் ஏறத்தாழ ஒரே சாம்பலாகத் தெரிந்திருக்கும் என்பதால், அவர் அணிந்த உடை பழுப்பும் சாம்பலும் வெள்ளையுமாகத் தைக்கப்பட்டது. படப்பிடிப்புத் தளத்தில் நேரில் பார்த்த பிள்ளைகளுக்கு எவ்வளவு ஏமாற்றமாக இருந்திருக்கும்!

1978-இல் கிறிஸ்டோபர் ரீவ் பறந்தபோது சிக்கல் எதிர்ப்பக்கமாக வந்தது. பறக்கும் காட்சிகளை, பின்னர் வேறு பின்னணி சேர்ப்பதற்காக நீக்கப்படும் நீலத் திரைக்கு முன் எடுத்தால் நீல உடையும் திரையோடு சேர்ந்து மறைந்துவிடும். ஆகவே அந்தக் காட்சிகளுக்கென்று பச்சை கலந்த நீலத்தில் உடை தைத்து, பின்னர் நிறத்தைச் சரிசெய்தார்கள். 2002-இன் ஸ்பைடர்மான் படத்திலும் இதே கதை. நீலம் கலந்த உடை அணிந்த நாயகனைப் பச்சைத் திரைக்கு முன்பும், பச்சை உடை அணிந்த வில்லன் கிரீன் கொப்ளினை நீலத் திரைக்கு முன்பும் தனித்தனியாக எடுக்க வேண்டியிருந்தது.

சாயத் தொகுதிக்குத் தொகுதி நிறம் மாறிவிட்டது என்று வாங்குவோர் திருப்பி அனுப்பிய துணிகளோடு மல்லுக்கட்டியவன் என்ற முறையில், வேண்டுமென்றே தவறான நிறத்தில் துணியைச் சாயமிடும்படி ஒருவர் கட்டளை கொடுப்பதை என்னால் கற்பனை செய்யவே முடியவில்லை.

யூலை 21

காட்டுக்குள் ஊதா உடையில் திரியும் பான்டம் சுப்பர்மானைப் பார்த்துச் செய்யப்பட்டவன் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். காலவரிசை மறுபக்கம். லீ ஃபோக் பான்டத்தை உருவாக்கியது 1936-இல். ஒட்டிய உடை, கண்மணி தெரியாத முகமூடி, மேலே கோடு போட்ட காற்சட்டை எல்லாம் அவனிடம் முதலிலேயே இருந்தன. ஃபோக்கின் எண்ணத்தில் அந்த உடை சாம்பல் நிறம். 1939-இல் ஞாயிறு வண்ணப் பக்கம் தொடங்கியபோதுதான் அது ஊதாவானது. வேறு நாடுகளில் அவன் நீலத்திலும் சிவப்பிலும் கூட வந்தான். நமக்கு முத்து கொமிக்ஸ் வழியாக முகமூடி வேதாளராக அறிமுகமானபோது, மழைக்காட்டில் இப்படி ஓர் உடையோடு ஒளிந்திருக்க முடியுமா என்று எங்கள் வகுப்பில் யாருமே கேட்டதாக எனக்கு நினைவில்லை. புத்தகத்தை யார் முதலில் வீட்டுக்குக் கொண்டுபோவது என்பதே சண்டை.

யூலை 27

போர்வையைப் பற்றி எழுதும்படி மூவர் கேட்டுவிட்டார்கள். இதில் தெஹிவளை நண்பர் பக்கம் பாதி நியாயம் இருக்கிறது.

2004-இன் ‘த இன்கிரெடிபிள்ஸ்’ படத்தில் உடை வடிவமைப்பாளரான எட்னா மோட், போர்வையே கூடாது என்று ஒரே மூச்சில் தீர்ப்புக் கொடுக்கிறார்: ஒருவனுடையது ஏவுகணையின் வாலில் மாட்டியது, இன்னொருத்தியுடையது விமான இயந்திரத்துக்குள் இழுக்கப்பட்டது, வேறொருவனுடையது மின்தூக்கியில் சிக்கியது. சிரித்துவிட்டுப் போகலாம், ஆனால் நம் ஊரில் அது சிரிப்பல்ல. மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒருபக்கமாக அமர்ந்து போகும் பெண்ணின் சேலைத் தலைப்பு சில்லில் சிக்கினால் என்ன நடக்கும் என்பது காலி வீதியில் போய்வரும் எவருக்கும் தெரியும். நடனக் கலைஞர் இசடோரா டங்கன் 1927-இல் நீஸ் நகரில் இறந்ததும் கழுத்துத் துண்டு காரின் சில்லில் சுற்றிக்கொண்டதால்தான்.

ஆனால் போர்வைக்கு வேறொரு வேலை உண்டு. பறப்பவன் வேகமாகப் போகிறானா, நிற்கிறானா, எந்தப் பக்கம் திரும்புகிறான் என்பதைத் தாளில் காட்ட ஓவியருக்குப் போர்வையைவிட எளிய வழி இல்லை. திரையிலும் அப்படியே. ‘மான் ஒஃப் ஸ்டீல்’ படத்தின் பல காட்சிகளில் நடிகரின் தோளில் போர்வையே இல்லை. பின்னர் கணினியில் வரைந்து சேர்த்தார்கள். அணிபவருக்கும் சண்டைப் பயிற்சியாளருக்கும் தொல்லை, ஆகவே கழற்றிவிட்டார்கள். பார்ப்பவருக்குத் தேவை, ஆகவே திரும்ப மாட்டினார்கள். உங்கள் கேள்விக்கு இதைவிட நேரான விடையை ஹொலிவூட் தந்ததாக எனக்குத் தெரியவில்லை.

2005-இன் ‘பட்மான் பிகின்ஸ்’ வேறு வழியில் போனது. மின்னோட்டம் பட்டால் விறைத்துச் சிறகாகும் துணி என்று போர்வைக்குக் கதைக்குள் ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள். உண்மையில் அணிந்தது பாரசூட் நைலோன். அதன்மேல் நுண்ணிய இழைத்தூளை மின்னேற்றத்தால் நிமிர்த்தி ஒட்டி, ஒளியை விழுங்கும் மென்மையான கறுப்பை உண்டாக்கினார்கள். ஃப்ளொக் பிரின்ட் செய்து பழகியவர்களுக்கு அந்த முறை புதிதல்ல, ஆனால் ஒரு முழுப் போர்வையை அப்படிச் செய்து, மடிப்புகளில் வழுக்கை விழாமல் காப்பாற்றுவது பெரிய காரியம். கதையில் சொன்ன காரணத்தை நான் மறந்துவிடுவேன். அந்தக் கறுப்பை மறக்க மாட்டேன்.

ஓகஸ்ட் 2

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதும் அக்கா ஒருவர், இதுவரை ஆண்களின் உடையை மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்று குட்டியிருக்கிறார். குட்டு சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது. நடைமுறையா அழகா என்ற தராசு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே எடைக்கல்லை வைப்பதில்லை. ஆணின் உடையில் அழகைக் கூட்ட வேண்டுமென்றால் கவசத்தைத் தடிப்பாக்குகிறார்கள், பெண்ணின் உடையில் கூட்ட வேண்டுமென்றால் துணியைக் குறைக்கிறார்கள் அல்லது சிப்பைக் கீழே இறக்குகிறார்கள்.

1992-இல் மிஷெல் ஃபைஃபர் அணிந்த கட்வுமன் உடையை எடுத்துக்கொள்ளுங்கள். பொப் ரிங்வுட்டும் மேரி வோக்டும் வடிவமைத்தது. லேடெக்ஸ் என்ற மெல்லிய ரப்பரால் ஆன உடை மிக இறுக்கமாக இருந்ததால் உடம்பில் பவுடர் பூசித்தான் உள்ளே நுழைய முடிந்தது; எளிதில் கிழிந்ததால் படப்பிடிப்பு முடிவதற்குள் சுமார் 60 உடைகள் தேவைப்பட்டன. கதையில் கட்வுமனாக மாறும் செலினா தன் வீட்டுத் தையல் இயந்திரத்தில், பழைய கறுப்பு மழைக்கோட்டை வெட்டித் தானே தைக்கிறாள். தையற்காரன் கண்ணுக்கு அங்கேதான் வேடிக்கை. லேடெக்ஸில் ஊசி ஏற்றினால் துளை வழியே கிழியும். அதைப் பசையால்தான் ஒட்ட வேண்டும். உடல் முழுவதும் ஓடும் அந்தக் கோணல்மாணலான வெள்ளைத் தையல்கள் எதையும் இணைக்கவில்லை. ஆனால் உடைந்துபோன ஒரு மனம் தன்னைத்தானே ஒட்டுப்போட்டுக்கொண்டதை அவைதான் நமக்குச் சொல்கின்றன. நடைமுறையில் பூச்சியம், கதை சொல்வதில் நூற்றுக்கு நூறு. இந்த உடையை நான் வெறுக்க முயன்றிருக்கிறேன், முடியவில்லை.

வொண்டர் வுமன் விடயத்தில் எனக்கு இரு மனம். 2017-இன் தனிப்படத்தில் லின்டி ஹெமிங், அமசோன் பெண்களுக்கு மார்பையும் வயிற்றையும் மூடும் தோற்கவசங்களை, போர்ப்பயிற்சி பெற்ற பெண்கள் அணிந்து குதிரை ஏறத் தக்கதாகச் செய்தார். அதே ஆண்டு வந்த ‘ஜஸ்டிஸ் லீக்’ படத்தில் அதே பெண்களில் சிலர் வயிறு தெரியும் உடையில் வந்தபோது, இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பலர் கேள்வி கேட்டார்கள். கேட்டது நியாயம். இருந்தும், தனிப்படத்தில்கூடக் கதாநாயகியின் சப்பாத்துக்குக் குதி உயரமாகத்தான் இருந்தது. உயரம் ஒரு தோற்றத்தைத் தருகிறது, அது புரிகிறது. ஆனால் தீவு மணலில் ஓடுகிறவளுக்குச் சப்பையான அடி கொடுக்க அவ்வளவு தயக்கம் ஏன்?

ஓகஸ்ட் 3

நேற்று எழுதியதைப் படித்த ஒருவர், தோலுடையே ஆண் பெண் இருவருக்கும் பொதுவான தீர்வு என்கிறார். 2000-இல் வந்த ‘எக்ஸ்மென்’ படத்தை உதாரணம் காட்டுகிறார். அதில் எல்லாரும் கறுப்புத் தோலில் வந்தது, மஞ்சள் ஸ்பான்டெக்ஸ் என்றால் சபை சிரிக்கும் என்ற பயத்தில்தான். படத்திலேயே அப்படி ஒரு கேலி வசனம் இருக்கிறது. தோல் இழுபடாது, காற்றை விடாது, நனைந்தால் காய நாளாகும். மோட்டார் சைக்கிள் ஓட்டி விழுபவனுக்கு அது நல்ல காவல். சுவரேறிக் குதிப்பவனுக்கு இல்லை. அப்படியிருந்தும் அன்று அதை யாரும் நடைமுறைக்கு ஒவ்வாதது என்று சொல்லவில்லை, ஏனென்றால் அது கறுப்பாக இருந்தது. 2024-இல் அதே எக்ஸ்மென் குழுவின் வுல்வரின் மஞ்சள் உடையில் வந்தபோது திரையரங்கு அதிர்ந்தது. கறுப்பும் ஒரு பாணிதான். தன்னைப் பாணி என்று ஒத்துக்கொள்ளாத பாணி.

ஓகஸ்ட் 10

இப்போது இந்த விவாதத்தின் காலடியிலிருந்து நிலத்தையே இழுக்கும் ஒரு செய்தி. ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ படத்தில் அத்தனை வீரர்களும் வரிசையாக அணிந்து நடந்துவரும் வெள்ளையும் சிவப்புமான உடைகளை எவரும் தைக்கவில்லை. அவை முழுவதும் கணினியில் உருவானவை. 2011-இன் ‘கிரீன் லான்டர்ன்’ படத்தில் றயன் ரெனோல்ட்ஸின் பச்சை உடையும் அப்படியே. அதைப் பற்றி அவரே ‘டெட்பூல்’ படத்தில் கேலி செய்துவிட்டார். அயன்மான் கவசம் 2008-இல் ஸ்டான் வின்ஸ்டனின் கலைக்கூடத்தில் உண்மையாகவே செய்யப்பட்டது. போகப்போக நடிகரின் உடம்பில் இருந்த பகுதி குறைந்து, மிச்சத்தைக் கணினி நிரப்பியது.

நடிகருக்கு இது பெரும் விடுதலை. ஆனால் உடைக்கு எடை இல்லாமற் போகும்போது நடையிலும் ஏதோ ஒன்று போய்விடுகிறது என்பது என் எண்ணம். கீட்டனின் திரும்பாத கழுத்தை முதல் நாள் குற்றமாக எழுதினேன். இப்போது அதை மறுபக்கத்திலிருந்தும் பார்க்கத் தோன்றுகிறது. அந்த ரப்பர் அவரை ஒரு குறிப்பிட்ட விதமாக நிற்கவைத்தது, அவரும் அந்தக் கட்டுப்பாட்டுக்கு எதிராக நடிக்காமல் அதற்குள்ளேயே நடித்தார். கணினி உடை நடிகரிடம் எதையும் கேட்பதில்லை.

இன்னொன்று. எங்கள் சாம்பிள் ரூமில் கக்கத்திலும் முழங்காலின் பின்புறத்திலும் விழும் சுருக்கங்களைப் போக்கவே பாதி வாழ்நாள் போகிறது. கணினிக் கலைஞர்களோ அதே சுருக்கங்களைக் கொண்டுவர இரவு பகலாக உழைக்கிறார்கள், ஏனென்றால் சுருக்கம் இல்லாத துணியை நம் கண் நம்புவதில்லை. 2024-இல் கொரென்ஸ்வெட் சுப்பர்மான் உடையில் சப்பாத்து மாட்டும் முதல் நிழற்படம் வெளிவந்தபோது உடை தொளதொளக்கிறது என்று இணையம் கொதித்தது. எனக்கு அந்த நிழற்படத்தில் மிகவும் பிடித்ததே அந்தச் சுருக்கங்கள்தான்.

ஓகஸ்ட் 17

தம்பிமார் கேட்டபடி நம் பக்கத்துப் படங்கள்.

2012-இல் வந்த ‘முகமூடி’ தமிழில் கொமிக்ஸ் வீரனை நேராகக் கொண்டுவர முயன்ற படம். ‘எந்திரன்’ வீரர் படமா என்பதில் சண்டை வேண்டாம், ஆனால் இந்த இழைக்கு அதில் ஒரு தொடுப்பு இருக்கிறது: 1992-இன் கட்வுமன் உடையில் பங்குகொண்ட அதே மேரி வோக்ட் 2010-இல் ‘எந்திரன்’ படத்தின் ஆடை வடிவமைப்பாளர்களில் ஒருவர். சிட்டி மடிப்புக் கலையாமல் நிற்பதைப் பார்க்கும்போது இப்போது எனக்கு அது நினைவுக்கு வருகிறது.

எனக்கு எல்லாவற்றிலும் மேலானது 2021-இல் மலையாளத்தில் வந்த ‘மின்னல் முரளி’. நாயகன் ஜெய்சன் ஒரு சிற்றூர்த் தையற்காரன். கோடீஸ்வரனின் நிலவறை ஆய்வுக்கூடமும் வேற்றுக்கிரகத் துணியும் இல்லாமல், ஒரு தையல் இயந்திரத்தை வைத்து வீர உடை எப்படிப் பிறக்கும் என்ற கேள்விக்கு அவனிடம் நேர்மையான விடை இருக்கிறது. 2002-இன் ஸ்பைடர்மானில், பாடசாலை முடித்த பையன் அந்த வலைக்கோடுகள் கொண்ட உடையை எப்படித் தைத்தான் என்பதைப் படம் நாசூக்காகத் தாண்டிப் போய்விடும். அந்தத் துணியை இழுபடும் தையல் போடும் ஓவர்லொக் இயந்திரம் இல்லாமல், வீட்டு இயந்திரத்தில் நேர்த்தையல் போட்டு முடித்திருந்தால், முதல் பாய்ச்சலிலேயே இழை படபடவென்று அறுந்திருக்கும். ஜெய்சனைப் பற்றி எனக்கு அந்தக் கவலை வந்ததே இல்லை.

ஓகஸ்ட் 24

தெஹிவளை நண்பர் மீண்டும் வந்து, நான் எல்லாவற்றையும் நியாயப்படுத்துவதாகக் குறைப்படுகிறார். இல்லை, 1997-இன் ‘பட்மான் அன்ட் ரொபின்’ படத்தில் ரப்பர் மார்பில் முலைக்காம்பு பதித்ததை நான் எந்த நீதிமன்றத்திலும் வாதாடிக் காப்பாற்ற மாட்டேன். அது அணிபவருக்கும் உதவவில்லை, கதைக்கும் உதவவில்லை.

அழகுக்காகச் செய்ததே ஒரு படத்தின் எலும்பாக மாறக்கூடும் என்பதற்கு ‘பிளக் பந்தர்’ போதும். ரூத் ஈ. கார்ட்டர் அதற்காக 2019-இல் ஒஸ்கார் விருது பெற்றார். ஆடை வடிவமைப்புக்கு அந்த விருதை வென்ற முதல் கறுப்பினப் பெண் அவர். இரண்டாம் படத்துக்காக 2023-இல் மறுபடியும் வென்றார். அரசி ரமொண்டாவின் கிரீடம், சூலு இனத்துத் திருமணமான பெண்கள் அணியும் தொப்பியின் வடிவத்தில், முப்பரிமாண அச்சில் செய்யப்பட்டது. காவற்பெண்களின் கழுத்து வளையங்களும் மணிவேலைப்பாடும் வெவ்வேறு ஆபிரிக்க மரபுகளிலிருந்து வந்தவை. அவற்றையெல்லாம் கழற்றிவிட்டு நடைமுறைக்கேற்ற சாம்பல் நிறக் கவசம் அணிவித்திருந்தால், கதையில் வரும் ஆபிரிக்க நாடான வகாண்டா எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரிந்திருக்காது.

செப்டெம்பர் 7

வெள்ளவத்தைத் தாயார் ஒருவர், மகனுக்குப் பாடசாலை விநோத உடைப் போட்டிக்கு வீர உடை தைக்க வேண்டும், எதைப் பின்பற்றுவது என்று கேட்டிருக்கிறார். இவ்வளவு நேரம் ஹொலிவூட்டுக்கு அறிவுரை சொன்னவன் இதற்குத் தப்ப முடியாது.

தசைகளுக்காக உள்ளே ஸ்பொன்ஞ் வைக்க வேண்டாம், அம்மா. என் தங்கையின் மகனுக்குப் பட்மான் தைத்தபோது அவன் கெஞ்சியதால் மார்பிலும் தோளிலும் வைத்தேன். மண்டபத்தில் மின்விசிறியும் ஓடவில்லை, அவன் முறை வருவதற்குள் ஸ்பொன்ஞ் வியர்வையைக் குடித்துக் கனத்து, தசை எல்லாம் வயிற்றுக்கு இறங்கிவிட்டது. தசையை நிழற்கோடுகளாகத் துணிச்சாயத்தில் வரைந்துவிடுங்கள், மேடைத் தூரத்துக்கு அது தாராளம். பல திரை உடைகளும் அப்படித்தான் ஏமாற்றுகின்றன.

புறக்கோட்டையில் லைக்ரா என்ற ஸ்பான்டெக்ஸ் துணி வாங்கும்போது குறுக்கே மட்டும் இழுத்துப் பார்க்காமல் நெடுக்கேயும் இழுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் இழுபடும் துணியில் ஒற்றை உடை தைத்தால் பிள்ளை கையைத் தூக்கும்போது கவட்டில் வெட்டும். உடலளவைவிடச் சற்றுச் சிறிதாக வெட்டுங்கள், தோளிலிருந்து கவடு வரையான நீளத்தில் மட்டும் கஞ்சத்தனம் செய்யாதீர்கள். கக்கத்தில் ஒரு சிறு வைர வடிவத் துண்டு சேர்த்தால் கை சுலபமாக மேலே போகும். முதுகில் நீளச் சிப் வைத்தால் கழிப்பறைக்குப் போக வேறொருவர் உதவி வேண்டும். ஆகவே இடுப்போடு பிரித்து மேல், கீழ் என்று இரண்டாகத் தைத்து, சேருமிடத்தைப் பட்டியால் மூடிவிடுங்கள். போர்வை வேண்டுமென்று அடம்பிடித்தால் கழுத்தில் முடிச்சுப் போடாமல் இரண்டு தோளிலும் சிறு வெல்க்ரோ துண்டால் ஒட்டிவிடுங்கள். எதிலாவது மாட்டினால் அது தானே கழன்று வர வேண்டும். முகமூடியை உடையோடு சேர்த்துத் தைக்காமல், நெற்றிக்கு மேலே தள்ளிவிடக்கூடியதாக வைத்தால், பிள்ளை தன் முறை வரும்வரை தண்ணீர் குடித்துக்கொண்டு இருக்கலாம்.